புரையும் பிரஷரும் ஒரே நாளில்: ஒன்பது வருஷம் கழித்து

2016இல் வலது கண்ணில் கண்புரை, க்ளாக்கோமா (கண்ணுக்குள் பிரஷர் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய்) ரெண்டுக்கும் சேர்த்து ஆபரேஷன் செய்துகொண்டேன். பழைய வண்ணாரப்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். அப்போது மூணு வகைச் சொட்டு விட்டும் கண் பிரஷர் 28க்குக் கீழே இறங்கவில்லை (பொதுவாக 10லிருந்து 21க்குள் இருக்கும்), ஊசியில் நூல் கோக்கக்கூட கடைப்பையனைக் கூப்பிட வேண்டியிருந்தது.

புரை எடுத்து லென்ஸ் வைப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. இன்னொன்று, கண்ணுக்குள் இருக்கும் நீர் வடிய, மேல் இமைக்கு அடியில் வெள்ளை விழியில் ஒரு சின்ன வழி திறப்பது. ஆனால் உடம்புக்கு அதுவும் ஒரு காயம்தான், தழும்பு கட்டி மூடிவிடும். அதனால் மைட்டோமைசினைப் பஞ்சில் நனைத்து அந்த இடத்தில் சில நிமிஷம் வைத்து, நன்றாகக் கழுவிவிடுகிறார்கள். புற்றுநோய்க்கும் கொடுக்கிற மருந்து என்று தெரிந்ததும் "நைனாவுக்கு கேன்சரா?" என்று மகள் அழுதுவிட்டாள். செல் பெருகாமல் தடுக்கும் மருந்து, தழும்பையும் தடுக்கிறது, அவ்வளவுதான்.

முதல் மாதம் மங்கல்தான். அப்புறம் பிரஷர் 11, ஆறு வருஷம் பிரஷருக்கென்று ஒரு சொட்டுகூட விடவில்லை. 2022இல் 19க்கு ஏறியது; ஏற்கெனவே அடிபட்ட நரம்புக்கு அதுவே அதிகம் என்று ராத்திரிக்கு ஒரு சொட்டு கொடுத்தார்கள், இப்போது 14. நூல் நானே கோக்கிறேன், அது லென்ஸ் தயவு. மூக்குப் பக்கம் தெரியாமல் போன ஓரம் இன்றும் தெரியவில்லை. போன நரம்பு போனதுதான், மேற்கொண்டு போகவில்லை என்பதுதான் இந்த ஆபரேஷனில் கிடைத்தது. புரை ஆபரேஷன் மாதிரி பளிச்சென்று ஆகும் என்று போகிறவர்கள் ஏமாந்துதான் வருவார்கள்.

தொல்லை எது என்றால், நீர் வடிகிற இடத்தில் எழும்பியிருக்கும் கொப்புளம். மருந்து பட்டதால் அதன் தோல் மெல்லியது, எத்தனை வருஷம் கழித்தும் கிருமி நுழையலாம். நாலாவது வருஷம் போகியன்று கண் சிவந்தது. தெருவெல்லாம் டயர் புகை, அதுதான் என்று மெடிக்கல் ஷாப்பில் ஏதோ சொட்டு வாங்கி ரெண்டு நாள் ஓட்டினேன். மூணாம் நாள் வெளிச்சம் தாங்கவில்லை, பீளை தள்ளியது. டாக்டரிடம் வாங்கிய திட்டு இருக்கட்டும், மணிக்கொரு தரம் ஆன்டிபயாடிக் விட்டு ராத்தூக்கமே போனது. இப்போது கண்ணைக் கசக்குவதில்லை, கடல் குளியல் கிடையாது, கன்டெய்னர் லாரி ஓடுகிற எண்ணூர் சாலையில் கண்ணாடி இல்லாமல் வண்டி எடுப்பதில்லை.

கூடப் பிறந்தவர்களுக்கும் க்ளாக்கோமா வரலாம் என்றார்கள். தம்பி மூணு வருஷம் சாக்குச் சொன்னான், கடைசியில் இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்ததில் அவனுக்குக் கண் பிரஷர் 26. இப்போது எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் பூவுக்குப் பக்கத்தில் ரெண்டு சொட்டு மருந்து டப்பா இருக்கிறது.