"தயிர் மாதிரிதான் சார்" என்று சொல்லி 7,470 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள்

இப்போதுதான் அம்மாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 191. மூன்று மாதத்துக்கு முன், கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தபோது 128. இதற்குத்தான் 7,470 ரூபாய் அழுதிருக்கிறேன்.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா அடைத்த கேப்ஸ்யூல்) விற்கிற ஓர் ஆன்லைன் கடை. பெயர் போட வேண்டாம் என்கிறார் வக்கீல் நண்பர். விளம்பரத்தில் நம்பரைக் கொடுத்த பத்தாவது நிமிடம் 'ஹெல்த் கோச்' என்று ஒருவர் கூப்பிட்டார். அம்மாவின் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் வாங்கி, எல்டிஎல்லைச் சிவப்பில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். அந்த வட்டத்தில்தான் விழுந்தேன். நம் ரிப்போர்ட்டை ஒருத்தர் உட்கார்ந்து படித்திருக்கிறாரே என்று! குடலில் பாக்டீரியா பித்த உப்பை உடைக்கும், புதுப் பித்தம் செய்ய ஈரல் கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும் என்று இருபது நிமிடம் விளக்கினார். அது பொய்யும் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்: "அடோர்வாஸ்டாடின் மாத்திரையை நிறுத்திடலாம் சார். இது தயிர் மாதிரிதான்." பக்கத்திலிருந்த அம்மாவும் "தயிர்தானேடா" என்றார். பாட்டில் 2,490. மூன்று வாங்கினேன்.

மே மாத வெயிலில் பார்சல் வந்தது. அட்டைப்பெட்டி தொட்டால் சுட்டது. உள்ளே கேப்ஸ்யூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பாட்டிலிலோ 25 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லி அச்சடித்திருக்கிறது! கேட்டதற்கு "அது நார்மல் சார்". இன்று 191 என்றதும் "வீட்டில் எண்ணெய்ப் பலகாரம் அதிகமோ?" பணத்தைத் திருப்பிக் கேட்டால் "சீல் உடைச்சுட்டீங்களே". சீல் உடைக்காமல் எப்படிச் சாப்பிடுவது? கடைசியாக, இன்னும் மூன்று மாதம் எடுத்தால்தான் தெரியுமாம். அதாவது இன்னொரு 7,470.

டாக்டரிடம் செம திட்டு. எல்லா பாக்டீரியாவும் இந்த வேலையைச் செய்யாது, எந்த ரகம் என்பது முக்கியம், சரியான ரகமே கிடைத்தாலும் குறைவது கொஞ்சம்தான், மாத்திரைக்கு ஈடாகாது என்றார். பாட்டிலில் வெறும் 'லாக்டோபேசில்லஸ்' என்று பாக்டீரியாவின் பொதுப்பெயர்தான் இருக்கிறது. ரகத்தின் எண் இல்லை. ஓரத்தில் பொடி எழுத்தில், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுத உட்கார்ந்தேன், கோபத்தில் ஓடவில்லை. ஃபோனில் சொன்னார்கள் என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள், நான் எடுக்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915. சாயங்காலம் கூப்பிடப் போகிறேன்.