ட்ராஸ் கார்கில் போர் நினைவிடம்: ரெண்டு மணி நேரமாவது கையில வச்சுக்கிட்டு போங்க

ஜூன் மாசம் அப்பா, அம்மா, நான் மூணு பேரும் காஷ்மீர் லடாக் பேக்கேஜ் ஒண்ணுல போயிட்டு வந்தோம். அதுல ட்ராஸ்ல இருக்கிற கார்கில் போர் நினைவிடத்தை பத்தி மட்டும் தனியா எழுதணும்னு திருச்சி வந்து சேர்ந்ததுல இருந்தே மனசுல கெடக்குது. பேக்கேஜ்காரங்க பேரு வேணாம், ஆனா அவங்க குடுத்த ஷீட்ல இந்த எடத்துக்கு போட்டிருந்தது "போட்டோ ஸ்டாப், 30 நிமிஷம்". புக் பண்றப்ப கைடு உண்டுன்னாங்க, அங்க போனா கைடும் இல்ல. அவங்களுக்கு ஒரு ஸ்டார் தான். நினைவிடத்துக்கு அஞ்சுக்கு அஞ்சு.

ஸ்ரீநகர்ல இருந்து சோனமார்க், ஜோஜி லா தாண்டி சுமார் 140 கிலோமீட்டர். ரோட்டை ஒட்டியே கேட். உள்ள நடந்தா நேரா பெரிய தேசியக்கொடி, செவ்வண்ணக் கல் சுவர்ல போர்ல இறந்தவங்க பேரு, அதுக்கு பின்னாடி டோலோலிங் மலை. போட்டோல பாக்கிறப்ப மலை எங்கயோ தூரத்துல இருக்கிற மாதிரி தான் தெரியும், நேர்ல நின்னா கழுத்தை பின்னாடி சாய்ச்சு பாக்கணும், ஒரு மரம் கெடையாது, ஒளிஞ்சுக்க ஒரு புதர் கெடையாது, சரசரனு சரியிற கல்லு மட்டும் தான். அந்த உச்சியில பங்கர் போட்டு துப்பாக்கியோட உக்காந்திருந்தவங்களை நோக்கி நம்ம பசங்க ராத்திரியில கீழ இருந்து ஏறினாங்க. 1999 மே கடைசியில ஆரம்பிச்சு ஜூன் 13 வரைக்கும் ஆச்சு அந்த ஒரு மலையை மீட்க. அப்பா ரொம்ப நேரம் பேசவே இல்ல, அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டாரு, "இவ்ளோ பேரு மேல ஏறி வீடு கட்டி உக்காருற வரைக்கும் எப்படிடா யாருக்கும் தெரியாம போச்சு?"

அந்த கேள்விக்காக தான் இவ்ளோ நீளமா எழுதுறேன், ஏன்னா வந்ததுக்கு அப்புறம், போர் முடிஞ்சு அரசாங்கம் போட்ட கார்கில் ஆய்வுக் குழுவோட அறிக்கையை உக்காந்து படிச்சேன், படிச்சா தூக்கம் வரல.

விஷயம் மொதல்ல வெளிய வந்ததே ஒரு யாக் மாட்டால. 1999 மே 3, படாலிக் பக்கம் கார்கோன் கிராமத்து தாஷி நம்கியால், காணாம போன தன்னோட யாக்கை தேடி பைனாகுலர்ல பாக்கிறாரு, மலை மேல ஆளுங்க பனியை தோண்டிட்டு இருக்காங்க. எறங்கி வந்து ராணுவத்துக்கிட்ட சொன்னாரு. மே 15ல ரோந்து போன கேப்டன் சௌரப் காலியாவும் 5 ஜவான்களும் திரும்பி வரல, அப்படியும் முதல்ல இது தீவிரவாதிங்க ஊடுருவல் தான்னு நெனச்சாங்க. அது நார்தர்ன் லைட் இன்ஃபன்ட்ரிங்கிற பாகிஸ்தான் படைப்பிரிவுனு முழுசா புரியவே நாளாச்சு. அந்த வருஷம் பிப்ரவரியில தான் பிரதமர் வாஜ்பாய் பஸ்ல லாகூர் போயி பாகிஸ்தானோட சமாதான ஒப்பந்தம் போட்டுட்டு வந்திருந்தாரு.

தகவலே இல்லையான்னா, இருந்துச்சு. 1998 ஜூன்ல உள்நாட்டு உளவை பாக்கிற ஐ.பி.யோட இயக்குநர் எல்லைக்கு அந்தப்பக்கம் நடக்கிற வேலைகளை பத்தி தானே கையெழுத்து போட்டு பிரதமர், உள்துறை அமைச்சர் வரைக்கும் கடுதாசி அனுப்பியிருக்காரு. வெளிநாட்டு உளவை பாக்கிற ரா தலைவருக்கு அது போகல. எல்லா தகவலையும் சேர்த்து பாக்க வேண்டிய கூட்டு உளவுக் குழு தலைவருக்கு போகல, ராணுவ உளவுப் பிரிவு தலைவருக்கும் போகல. அதே வருஷம் செப்டம்பர் வரைக்குமான ரா அறிக்கை, சின்ன அளவுல வேகமான தாக்குதல் வரலாம்னு சொல்லுது, அடுத்த ஆறு மாச அறிக்கையில அவங்களே அது நடக்காதுங்கிற மாதிரி எழுதிட்டாங்க. குளிர் காலத்துல உயர போஸ்ட்டுங்களை காலி பண்றது வழக்கம், அப்ப ஹெலிகாப்டர் ரோந்து தான், அதுவும் பள்ளத்தாக்கு வழியாவே ஒரே மாதிரி பறக்கும், பனியோட பனியா தெரியிற உடுப்புல இருந்தவங்க கண்ணுல படவே இல்ல. எல்லாத்துக்கும் மேல, இந்த குளிர்ல இந்த மலையில எவன் படையை கொண்டு வந்து நிறுத்துவான்னு ஒரு நெனப்பு எல்லார் மனசுலயும் ஊறிப் போயிருந்துச்சு, அந்த நெனப்புக்கு ஒத்து வராத துண்டு தகவல் எல்லாம் அங்கங்க ஃபைல்லயே தங்கிருச்சு. எனக்கு இதுல தான் ரொம்ப கோவம் வருது. அந்த ஒரு கடுதாசி சரியான மூணு மேஜைக்கு போயி, யாராவது பக்கத்துல பக்கத்துல வச்சு படிச்சிருந்தா எத்தனை பேரு வீடு திரும்பியிருப்பாங்களோ. போர்ல போனது 527 பேரு.

இந்த அறிக்கை எழுதின குழுவோட தலைவர் கே. சுப்ரமணியம், எங்க திருச்சியில பொறந்தவரு. 1999 மே 29ல அதே படாலிக்ல உயிரை விட்ட மேஜர் சரவணனும் திருச்சிக்காரரு தான், அவர் உடம்பை கீழ கொண்டு வரவே ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. கன்டோன்மென்ட்ல அவர் நினைவிடத்தை தாண்டி தான் நான் தெனமும் வேலைக்கு போறேன். சின்ன வயசுல இருந்து பாத்த எடம், ஆனா அவர் ஏன் அந்த மலையில ஏற வேண்டி வந்துச்சுன்னு யோசிச்சதே ட்ராஸ்ல நின்னப்ப தான்.

அறிக்கை வீணா போகலனும் சொல்லணும். 2002ல மூணு படைக்கும் பொதுவா ராணுவ உளவு அமைப்பு வந்துச்சு, 2004ல தொழில்நுட்ப உளவுக்கு என்டிஆர்ஓ. முப்படை தலைமைத் தளபதி பதவி மட்டும் 2020 வரைக்கும் இழுத்துச்சு. நடுவுல 2008 மும்பை தாக்குதல், அங்கயும் கடல் வழியா வரலாம்னு முன்னாடியே எச்சரிக்கை வந்திருந்துச்சு.

எங்க டிரைவர் அண்ணன் ட்ராஸ்காரரு, கைடு இல்லாத கொறையை அவரு தான் தீர்த்தாரு. போர் நடக்கிறப்ப அவருக்கு எட்டு வயசாம், ஷெல் விழுந்து ஊரே காலி ஆச்சு, ஆட்டை எல்லாம் அவுத்து விட்டுட்டு ராத்திரியோட ராத்திரியா நடந்தே போனாங்களாம். கேட்டுக்கு வெளிய ரோட்ல லேவுக்கு போற லாரிங்க வரிசையா போயிட்டு இருந்துச்சு. "மேல இருந்து பாத்தா இது ஒவ்வொண்ணா எண்ணலாம் சார், அதுக்கு தான் அந்த எடம் புடிச்சாங்க"னு கையை நீட்டி காட்டினாரு. ஸ்ரீநகர்-லே ரோடு எதுக்கு அவ்ளோ முக்கியம்னு அந்த ஒரு நிமிஷத்துல வெளங்கிருச்சு. அரை மணி முடிஞ்சுதுன்னு ஆபீஸ்ல இருந்து அவருக்கு போன் மேல போன், அவரு எடுக்கவே இல்ல, ரெண்டேகால் மணி நேரம் இருந்தோம்.

போறவங்களுக்கு: டிக்கெட் கெடையாது, ஆதார் கார்டு கையில வச்சுக்கோங்க. உள்ள, இந்த போர்ல உயிரை விட்ட கேப்டன் மனோஜ் பாண்டே பேர்ல இருக்கிற கேலரியை விட்டுறாதீங்க, கேன்டீன்ல டீ கெடைக்கும். பத்தாயிரம் அடிக்கு மேல இருக்கு, ஜூன்லயும் காத்து முகத்துல அறையும், பெரியவங்களுக்கு குல்லா, ஜெர்கின் கட்டாயம். நம்மூர் ப்ரீபெய்டு சிம் அங்க வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு ஒண்ணு எடுத்துட்டு போங்க. பேக்கேஜ் புக் பண்றப்பவே ட்ராஸ்ல ரெண்டு மணி நேரம்னு எழுதி வாங்கிருங்க, வாயால சொன்னா அங்க போயி செல்லாது.