கைத்தையல் கூலி, இயந்திரத் தையல்: பழம்புடவைப் போர்வை வைத்திருப்போர் கவனத்திற்கு

சிங்கப்பூரில் கையால் தைத்த போர்வை, பழம்புடவை குவில்ட் போன்றவற்றைப் பழுதுபார்க்கக் கொடுக்க எண்ணுபவர்கள், கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுவது நல்லது. புகார் இன்னும் முடியவில்லை என்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

என் மாமியார் தம் சுங்குடிப் புடவைகளைக் கட்டம் கட்டமாக வெட்டி இணைத்து, நடுவே பஞ்சு விரிப்பு வைத்து, முழுவதும் ஓட்டுத்தையலாலேயே தைத்த இரட்டைக் கட்டில் போர்வை அது. அண்மையில் சலவை இயந்திரத்திலிருந்து எடுத்தபோது, ஒரு பக்கத்தில் கட்டங்களின் இணைப்புகள் வாய் பிளந்து, ஓரங்களில் இழைகள் குஞ்சம்போல் தொங்கின. இவ்வகைப் போர்வைகளில் தையலுக்கு அப்பால் உள்ளே விடும் ஓரத்துணி பெரும்பாலும் கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். கட்டிக் கட்டி நைந்த புடவைத் துணியில், இயந்திரம் சுழற்றும் வேகத்தில் இழைகள் நழுவி, அந்தச் சிறிய ஓரம் தையலின் பிடியை விட்டு வெளியே வந்துவிடுகிறது. தையல் நூல் அறாமலே இணைப்பு பிரிவது இதனால்தான். நீர் ஊறிய போர்வையை வீவக அடுக்குமாடி வீட்டு மூங்கில் கழியில் தொங்கவிட்டால், அதன் எடை முழுவதும் அந்த இணைப்புகளையே மேலும் இழுக்கும்.

இதைச் சரிசெய்ய வழி உண்டு. பிளந்த இடத்தின் அடியில் மெல்லிய பருத்தித் துணியைத் தாங்கலாகச் செருகி, தொங்கும் இழைகளை வெட்டாமல் உள்ளே மடித்து, வெளியே தெரியாதபடி ஊசியால் தைக்க வேண்டும். மடிக்கத் துணி போதாத இடத்தில், நிறம் ஒத்த ஒட்டுத்துணியை மேலே வைத்து, அதன் ஓரத்தை மடித்துத் தைக்கலாம். நேரம் பிடிக்கும் வேலை என்பதால் கூலி கூடுதலாக இருப்பதில் எனக்கு மறுப்பில்லை.

பழைய துணிகளைக் கையால் செப்பனிட்டுத் தருவதாக விளம்பரம் செய்திருந்த ஓர் ஆல்டரேஷன் கடைக்கு எடுத்துச் சென்றேன். முகப்பில் இருந்த தம்பி போர்வையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “கவலையே வேணாம் அக்கா, எல்லாம் கைத்தையல்தான், மெஷின் பக்கமே போகாது” என்றார். கூலி 280 வெள்ளி. முழுவதையும் முன்பணமாக பேநவ் வழியே அனுப்பச் சொன்னார்கள். ரசீதில் ‘போர்வை, தையல்’ என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. சொன்ன நாள் கடந்து, மேலும் சில வாரங்கள் இழுத்தடித்த பிறகு, பழுதுபார்த்த பக்கம் உட்புறமாக மடிபட்டிருக்க, நெகிழிப் பையில் ஒட்டி மூடிக் கொடுத்தார்கள்.

வீட்டில் விரித்துப் பார்த்தபோது அந்தப் பக்கம் அட்டைபோல் விறைத்திருந்தது. தொங்கிய இழைகளை எல்லாம் கத்தரியால் ஒட்ட வெட்டி, அடியில் இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் பசைத்துணியை வைத்து அழுத்தி, அதன்மேல் மூன்று அடுக்கையும் சேர்த்து இயந்திரத்தில் ஓட்டியிருக்கிறார்கள். கையால் போட்ட ஓட்டுத்தையலில் நூல் ஒரு புள்ளி தெரியும், ஒரு புள்ளி மறையும். இங்கோ முன்னும் பின்னும் இடைவெளியே இல்லாத நேர்கோடு, பாலியெஸ்டர் நூலின் மினுமினுப்போடு ஓடுகிறது. சாயப் புள்ளிகளின் நடுவே பசை கசிந்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் எண்ணெய்க் கறைபோல் பளபளக்கிறது.

இயந்திரத் தையலைப் பொறுமையாகப் பிரித்துவிடலாம். வெட்டிய இழைகளைத் திரும்பக் கொண்டுவர முடியாது. உள்ளே மடித்துத் தைப்பதற்கு மிஞ்சியிருந்த துணியே அந்த இழைகள்தாம். குப்பையென்று அவற்றை நறுக்கி எறிந்தவருக்கு இந்த வேலை தெரியாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தெரியாத வேலையை ஏற்றது ஒரு குற்றம் என்றால், கைத்தையல் என்று சொல்லிக் காசு வாங்கியது அதைவிடப் பெரிய குற்றம். திரும்பப் போய்க் கேட்டபோது, அதே தம்பி சற்றும் தயங்காமல், “மெஷினையும் கையாலதானே அக்கா ஓட்டுறோம்” என்றார். உரிமையாளர் பின்னர் தொலைபேசியில், பாதித் தொகைக்கு அதே கடையில் பயன்படுத்தும் பற்றுச்சீட்டு தருவதாகச் சொன்னார். அங்கே இன்னொரு துணியைக் கொடுக்க யாருக்குத் துணிவு வரும்?

சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். பேச்சுவார்த்தையில் தீராவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போவதாக முடிவு. அங்கே 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை ஏற்பார்கள். இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வரை போகலாம். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டும் பதிவுக் கட்டணம் 10 வெள்ளி. வழக்கறிஞர் வைத்து வாதாட முடியாது என்பதால் கடைத் தரப்பினரே நேரில் வந்துதான் பதில் சொல்ல வேண்டும். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

என் கையில் இப்போது வலுவாக இருப்பவை, கொடுப்பதற்கு முன் எடுத்த படங்களும், கைத்தையல் என்று கடை வாட்ஸ்அப்பில் அனுப்பிய பதிலும்தாம். ஆகவே நீங்கள் எங்கே கொடுத்தாலும், ‘கைத்தையல், இழைகளை வெட்டக் கூடாது, பசைத்துணி கூடாது’ என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ஓர் இணைப்பை மட்டும் முதலில் தைத்துக் காட்டச் சொல்லுங்கள்; உண்மையில் கையால் தைப்பவர் அதற்கு முகம் சுளிக்கமாட்டார். முழுத்தொகையை முன்னதாகக் கேட்டாலோ, வேலையை வெளியே அனுப்புவோம், யாரிடம் என்று சொல்ல முடியாது என்றாலோ, போர்வையை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். திரும்ப வாங்கும்போது முகப்பிலேயே பையைப் பிரித்து, இரு பக்கமும் தடவிப் பாருங்கள்.

குவில்ட் தைக்கும் அம்மையார் ஒருவரிடம் பிறகு காட்டினேன். பசை ஏறிய கட்டங்களைப் பிரித்தெடுத்துவிட்டு வேறு துணிதான் வைக்க வேண்டும் என்றார். அதே நிறச் சுங்குடி கிடைக்குமா என்று மதுரையிலுள்ள உறவினரிடம் கேட்டிருக்கிறோம். நடுவர் மன்றத்துக்குச் சான்றாகத் தேவைப்படும் என்பதால், அதுவரை போர்வையில் யாரையும் கைவைக்க விடப்போவதில்லை.