12 வோல்ட் பேட்டரி, 350 மில்லி ஆம்பியர்: ரெசிஸ்டரா, எல்எம்317-ஆ, பக் டிரைவரா?

12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி என்பது பெயருக்குத்தான். சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகும், லோடு இழுத்தால் 11-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இதில் மூன்று 1 வாட் வெள்ளை எல்இடிகளைத் தொடராகப் போட்டு 350 மில்லி ஆம்பியரை ஆடாமல் அசையாமல் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

ரெசிஸ்டரை முதலில் முடித்துவிடலாம். ஆளுக்கு 3.2 வீதம் மூன்று எல்இடிக்கு 9.6 வோல்ட், மிச்சம் 2.4, அதற்கு 6.8 ஓம் போட்டால் காகிதத்தில் கச்சிதமாக 350 வரும். பேட்டரி 14.4-க்கு ஏறினால் மிச்சம் 4.8 ஆகிவிடும், கரண்ட் கணக்குப்படி 700 (எல்இடியின் வோல்டேஜும் கூடவே கொஞ்சம் ஏறுவதால் நிஜத்தில் அவ்வளவு வராது, ஆனால் எல்இடியின் ஆயுளைக் குறைக்க வந்தவரை போதும்). 11-க்கு இறங்கினால் 200 சொச்சம். போதாக்குறைக்கு எல்இடி சூடாகச் சூடாக அதன் வோல்டேஜ் குறையும், கரண்ட் இன்னும் ஏறும். இண்டிகேட்டர் விளக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள், இதற்கு வேண்டாம்.

எல்எம்317 நிஜமாகவே கரண்டைப் பிடித்து வைக்கும். அவுட்புட் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவே 1.25 வோல்ட்டை விடாமல் காப்பாற்றும் ஐசி அது, அங்கே 3.6 ஓம் வைத்தால் 347 மில்லி ஆம்பியர். அந்த 1.25 என்பது ஐசிக்கு ஐசி 1.2 முதல் 1.3 வரை இருக்கலாம், அதாவது 4 சதவீதப் பிழை. ரொம்பப் பேர் கோட்டைவிடுவது வேறு இடத்தில்: ஐசிக்கு 2 வோல்ட் போல, ரெசிஸ்டருக்கு 1.25, ஆக 3 வோல்ட்டுக்கு மேல் மிச்சம் இருந்தால்தான் இது ஒழுங்காக வேலை செய்யும். நம்மிடம் இருப்பது 2.4. விளக்கு எரியும், அதனால் யாரும் சந்தேகப்படுவதில்லை, ஆனால் கட்டுப்பாடு ஒன்றும் நடக்காது. சரி, ஒரு எல்இடியைக் கழற்றிவிட்டு இரண்டோடு ஓட்டலாம் என்றால் 14.4-இல் 8 வோல்ட் வீண், 2.8 வாட் வெறும் சூடு, சூட்டை வெளியே இழுக்கும் ஹீட்சிங்க் இல்லையென்றால் ஐசி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளவும் கூடும்.

நான் போடுவது பிடி4115 போன்ற பக் டிரைவர்தான், அதாவது ஸ்விட்சைப் படுவேகமாகப் போட்டு அணைத்தே வோல்டேஜை இறக்கி எல்இடிக்குக் கரண்ட் கொடுக்கும் ஐசி. 6 முதல் 30 வோல்ட் வரை தாங்கும், ஒரு இண்டக்டர், ஒரு ஷாட்கி டையோடு, ஒரு கபாசிட்டர், ஒரு சென்ஸ் ரெசிஸ்டர் (எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று ஐசி இதை வைத்துத்தான் அளக்கும்) போதும். சென்ஸ் ரெசிஸ்டரின் இரு முனைக்கும் நடுவே சராசரியாக 0.1 வோல்ட் நிற்கும்படி ஸ்விட்சைப் போட்டு அணைத்துக்கொண்டே இருக்கும். 0.56 ஓம் இரண்டை இணையாக வைத்தால் 0.28, கரண்ட் 357. எல்எம்317 போல வெண்ணெய் மாதிரி வழவழப்பான கரண்ட் இல்லை, ஏறி இறங்கித்தான் ஓடும், கண்ணுக்குத் தெரியாது. ரேடியோ பக்கத்தில் இருந்தால் இரைச்சல் கேட்கலாம், அந்த மாதிரி இடத்துக்கு மட்டும் 317-ஐயே யோசிக்கலாம்.

ஆனால் 0.1 வோல்ட் என்பது ரொம்பச் சின்ன அளவு. சாதாரண பிசிபியில் (சர்க்யூட் போர்டில்) 1 மில்லிமீட்டர் அகலம், 20 மில்லிமீட்டர் நீளம் உள்ள செம்புத் தடமே சுமார் 10 மில்லி ஓம் வரும், அது சென்ஸ் ரெசிஸ்டரோடு கூடிக்கொண்டால் கரண்ட் மூன்றரை சதவீதம் குறைந்துவிடும். 1 சதவீத ரெசிஸ்டருக்குத் தேடி அலைந்து காசு கொடுத்தது அங்கேயே போயிற்று. அதனால் ஐசியின் இரண்டு சென்ஸ் கால்களுக்கும் போகும் தடங்களை ரெசிஸ்டரின் பேடிலிருந்தே (அதைப் பற்றவைக்கும் செம்புப் பரப்பிலிருந்தே) நேராக இழுங்கள், எல்இடி கரண்ட் ஓடும் தடத்தோடு கலக்க விடாதீர்கள். முடித்ததும் மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அந்தப் பேடுகளின் மேலேயே தொட்டுப் பாருங்கள், 100 காட்ட வேண்டிய இடத்தில் 96 காட்டினால் முதலில் தடத்தைப் பாருங்கள், ஐசியை அப்புறம் சந்தேகப்படலாம்.