%எஃப்-ஆ, %ஜி-யா? சி மொழியில் தசம எண்ணை அச்சிடும்போது

டபுள் வகை எண்ணை, அதாவது புள்ளி வைத்த தசம எண்ணை, அச்சிட, பிரின்ட்எஃப் என்ற அச்சிடும் கட்டளையில் %எஃப், %ஜி என்ற வடிவக் குறிகள் இரண்டுமே செல்லும். %எஃப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கங்களைக் காட்டும், 2.5 என்பது 2.500000 ஆகிவிடும். %ஜி மொத்தமே ஆறு முக்கிய இலக்கங்களை எடுத்துக்கொண்டு, கடைசிச் சுழியங்களை வெட்டிவிட்டு 2.5 என்று நிறுத்தும். பார்க்க இதுதான் அழகு.

அந்த அழகை நம்பிப் பணக் கணக்கில் %ஜி போடாதீர்கள். 125000.75 ரூபாயை அது 125001 என்று அச்சிடும். மாறிக்குள் மதிப்பு பத்திரமாக இருக்கும், ரசீதில்தான் பைசா காணாமல் போகும். கம்பைலரும் எச்சரிக்காது, ஏனெனில் விதிப்படி இது சரி. 1250000 கொடுத்தால் 1.25இ+06 (1.25 பெருக்கல் பத்தின் ஆறாம் அடுக்கு) என்று வரும்; கடைக்காரர் இதை எப்படிப் படிப்பார்? இங்கே புள்ளிக்குப் பின் இரண்டே இலக்கம் காட்டும் %.2எஃப் தவிர வேறெதுவும் வேண்டாம்.

அறிவியல் அளவீட்டில் நிலைமை தலைகீழ். 100 நானோஃபாரட் மின்தேக்கியை ஃபாரட்டில் எழுதினால் 0.0000001. %எஃப் அதை 0.000000 என்று காட்டும், %ஜி 1இ-07 என்று காட்டும்.

ஃப்ளோட் (டபுளைவிடத் துல்லியம் குறைந்த தசம எண் வகை) கொடுத்தால் இரண்டும் ஏற்கும், அது தானாக டபுளாக மாறிவிடும். இன்ட் (முழு எண் வகை) கொடுத்தால் அப்படி மாறாது. என்ன அச்சாகும் என்று மொழி எந்த உத்தரவாதமும் தராது.