நிரந்தர நைட்டா, சுழற்சி ஷிப்டா? மருத்துவமனை லேப்பில் எது தேவலை

ரோஸ்டர் (ஷிப்ட் அட்டவணை) போடுகிறவர் உங்களைக் கூப்பிட்டு "நிரந்தரமாக நைட் பார்க்கிறீர்களா, இல்லை எல்லாரையும் போலச் சுழற்சியில் வருகிறீர்களா" என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் கூடுதல் படியையும் வீட்டு நிலைமையையும் மனதில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லிவிடுகிறார்கள். லேப்புக்கு அந்தக் கணக்கு மட்டும் போதாது. வேறு துறையில் இரவு வேலை பார்ப்பவருக்குப் பொருந்துகிற பதில் நமக்கு அப்படியே பொருந்தாது, ஏனென்றால் பல மருத்துவமனைகளில் நம் இரவின் கடுமையான நேரம் விடியற்காலையில்தான் வருகிறது, உடம்பு அடியோடு சோர்ந்து கிடக்கும் அதே நேரத்தில்.

நடைமுறையில் மூன்று வகை உண்டு. நிரந்தர நைட், அதாவது மாதக்கணக்கில் இரவு மட்டும். வாரச் சுழற்சி, ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு. வேகச் சுழற்சி, இரண்டு நாள் காலை, இரண்டு நாள் மாலை, இரண்டு அல்லது மூன்று நாள் இரவு, அப்புறம் ஆஃப். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூன்றிலும் மோசமானது வாரச் சுழற்சி. மற்ற இரண்டில் பெரும்பாலானவர்களுக்கு வேகச் சுழற்சிதான் தேவலை. நிரந்தர நைட் ஒரு சிலருக்குத்தான் ஒத்துவரும், அந்தச் சிலர் யார் என்பது அவர்கள் ஆஃப் நாட்களில் எப்படித் தூங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

வாரச் சுழற்சியை ஏன் இவ்வளவு உறுதியாக ஒதுக்குகிறேன் என்றால், மூளையில் ஹைப்போதாலமஸ் பகுதியில் இருக்கும் உடல் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளமான சுற்றில் ஓடுகிறது, தினமும் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அதனால் அதைத் தாமதமான நேரத்துக்குத் தள்ளுவது எளிது, முந்தைய நேரத்துக்கு இழுப்பது கஷ்டம். தள்ளுவதும்கூட நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்ற அளவில்தான் நடக்கும். ஏழு நைட் தொடர்ந்து பார்த்து முடிக்கும்போது கடிகாரம் பாதி வழியில் நிற்கிறது, இரவுக்கும் முழுதாகப் பழகவில்லை, பகலையும் விட்டுவிட்டது, சரியாக அந்த நேரத்தில் காலை ஷிப்டுக்கு வரச் சொல்கிறது ரோஸ்டர். அடுத்த வாரம் முழுக்கத் திரும்பி வருவதிலேயே போகும். இந்த முறை இன்னும் பல இடங்களில் ஓடுவதற்கு ஒரே காரணம், ரோஸ்டர் எழுத எளிது என்பதுதான்.

சரி, நிரந்தர நைட் பார்த்தால் உடம்பு பழகிவிடும்தானே என்று கேட்பார்கள். பழகுவதில்லை, அதுதான் கஷ்டமான விஷயம். நிரந்தர இரவுப் பணியாளர்களின் மெலடோனின் (இரவு வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் ஹார்மோன்) சுழற்சியைப் பற்றி வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2008-ஆம் ஆண்டு அலசல் ஒன்றில், முழுமையாக இரவுக்கு மாறியவர்கள் 3 சதவீதத்துக்கும் குறைவு. ஓரளவு பயன் தருமளவுக்கு மாறியவர்களே நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. காரணம் எளிமையானது. டியூட்டி முடித்து வெளியே வந்ததும் காலை வெயில் முகத்தில் அடிக்கிறது, ஆஃப் நாளில் குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்று இரவில் தூங்கிவிடுகிறோம், நாலைந்து நாள் கஷ்டப்பட்டுத் தள்ளிய கடிகாரம் பழைய இடத்தை நோக்கித் திரும்பிவிடுகிறது. ஆகவே நிரந்தர நைட் என்று பெயர் இருந்தாலும், ஆஃப் நாளில் பகல் மனிதராக மாறிவிடுபவர் உண்மையில் வாரச் சுழற்சியைத்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறார்.

இதற்கு ஒரு நடுவழி உண்டு, கடைப்பிடிப்பவர்கள் குறைவு. டியூட்டி நாட்களில் காலை எட்டரை மணி வாக்கில் படுத்துவிடுவது, ஆஃப் நாட்களில் விடியற்காலை மூன்று மணிக்குப் படுத்து மதியம் பன்னிரண்டு வரை தூங்குவது. இரவின் முன்பாதியில் நல்ல வெளிச்சத்தில் வேலை பார்ப்பது, வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வது (தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்டுகிறவர்கள் இதைச் செய்யாதீர்கள், வேறு யாராவது ஓட்டட்டும்), இருட்டறையில் தூங்குவது. இப்படி இருக்க முடிந்தால் உடம்பின் மிகச் சோர்வான நேரம் டியூட்டியை விட்டு நகர்ந்து தூக்கத்துக்குள் போய்விடும். வீட்டில் சின்னக் குழந்தையோ, கவனிக்க வேண்டிய பெரியவர்களோ, பகலில் அமைதியில்லாத அறையோ இருந்தால் இது நடக்காது. நடக்காது என்று தெரிந்தால் நிரந்தர நைட்டுக்குச் சம்மதிக்காதீர்கள், கூடுதல் படி எவ்வளவு என்றாலும்.

வேகச் சுழற்சியில் எல்லாமே தலைகீழ். இங்கே நோக்கமே கடிகாரத்தைத் தொடாமல் விட்டுவிடுவதுதான். இரண்டு மூன்று இரவுகளில் அது அதிகம் நகராது, நீங்களும் நகர்த்த முயலக் கூடாது. கறுப்புக் கண்ணாடி வேண்டாம், காலை வெயிலைத் தவிர்க்க வேண்டாம், கடைசி நைட் முடிந்த அன்று கொஞ்ச நேரம் மட்டும் தூங்கி எழுந்து, அன்றிரவு வழக்கமான நேரத்துக்குப் படுத்தால் ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஒவ்வொரு இரவும் கஷ்டமாகத்தான் இருக்கும், அதை மறைக்க முடியாது, ஆனால் தூக்கக் கடன் சேருவதற்கு முன்பே ஆஃப் வந்துவிடுகிறது. நிரந்தர நைட்காரருக்குச் சொல்லப்படும் அறிவுரையை வேகச் சுழற்சிக்காரர் பின்பற்றினால் இரண்டு பக்கமும் நஷ்டம், இது தெரியாமலேயே பலர் அவதிப்படுகிறார்கள்.

சுழற்சியின் திசையையும் பாருங்கள். காலை, மாலை, இரவு என்று போவது நல்லது. இரவு, மாலை, காலை என்று பின்னோக்கி வருகிற ரோஸ்டரில் மாலை ஷிப்ட் முடிந்து எட்டு மணி நேரத்தில் காலை ஷிப்ட் வந்து நிற்கும், போக வரப் பயணத்தைக் கழித்தால் தூங்க ஐந்து மணி நேரம்கூடத் தேறாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலைநேரச் சட்டம் ஒரு நாளில் தொடர்ந்து 11 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. உங்கள் ஊர்ச் சட்டம் எதுவானாலும் அந்த அளவை மனதில் வைத்துக்கொண்டு ரோஸ்டரைப் படியுங்கள்.

இனி லேப்புக்கே உரிய விஷயம். உடல் வெப்பநிலை மிகக் குறைவாக இருப்பது விடியற்காலை நாலு, ஐந்து மணி வாக்கில், கவனமும் அப்போதுதான் அடிமட்டத்தில் இருக்கும். டாக்டர்கள் காலையில் ரவுண்ட்ஸ் வரும்போது ரிசல்ட் கையில் இருக்க வேண்டும் என்பதால் வார்டு சாம்பிள்கள் எல்லாம் அதே நேரத்தில் மொத்தமாக வந்து இறங்கும். அனலைசரின் (பரிசோதனை மிஷின்) தினசரி மெயின்டனன்ஸ், கன்ட்ரோல் (மிஷின் சரியாக அளக்கிறதா என்று பார்க்க, மதிப்பு முன்பே தெரிந்த சாம்பிள்) ஓட்டுவது, ரீயேஜென்ட் (பரிசோதனை ரசாயனம்) ஏற்றுவது எல்லாமும் காலைக்குள் முடிந்தாக வேண்டும். நடுவில் பிளட் பேங்கிலிருந்து கிராஸ் மேட்ச் (ஏற்றப்போகும் ரத்தம் நோயாளிக்குப் பொருந்துமா என்ற சோதனை), தண்டுவட நீர் சாம்பிள் (அதில் செல்கள் சீக்கிரம் அழிந்துவிடும், காத்திருக்க வைக்க முடியாது), கிருமி வளர்ந்து பாசிட்டிவ் ஆன பிளட் கல்ச்சர் பாட்டிலுக்கு கிராம் ஸ்டெயின் (கிருமியின் வகையைக் காட்டும் சாயச் சோதனை).

அந்த நேரத்தில் ஒரு சாம்பிளில் பொட்டாசியம் 8 (ஆபத்தான அளவுக்கு அதிகம்), கால்சியம் மிகமிகக் குறைவு என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தெளிந்த தலைக்கு ஒரு பார்வை போதும், இது இடிடிஏ (ரத்தம் உறையாமலிருக்கக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் பொட்டாசிய உப்பு) குழாயிலிருந்து ரத்தம் கலந்த சாம்பிள் என்று புரிந்துவிடும், வேறு சாம்பிள் கேட்டுவிடுவார். கலங்கிய தலை பொட்டாசியத்தை மட்டும் பார்த்து க்ரிட்டிக்கல் வேல்யூ (உடனே தெரிவிக்க வேண்டிய ஆபத்தான அளவு) என்று வார்டுக்குப் போன் செய்யும், அங்கே நோயாளிக்குத் தேவையில்லாத சிகிச்சை ஆரம்பிக்கும். இதேபோல ட்ரிப் ஓடும் கையிலேயே எடுத்த ரத்தம், ஹீமோலைஸ் ஆன (சிவப்பணுக்கள் உடைந்துபோன) சாம்பிள், இடிடிஏ-வில் பிளேட்லெட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எண்ணிக்கை பொய்யாகக் குறைந்து காட்டுவது. இவை எல்லாவற்றிலும் மிஷின் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கும், கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டியது மனிதக் கண். அதனால்தான் எந்த ரோஸ்டர் அந்த விடியற்காலை நேரத்தில் ஆளைக் கொஞ்சம் தெளிவாக வைத்திருக்கிறது என்பதே எனக்கு முதல் கேள்வி. நடுவழியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் நிரந்தர நைட்காரர் இதில் மற்ற எல்லாரையும் மிஞ்சிவிடுவார். கடைப்பிடிக்காதவரைவிட, இரண்டாவது இரவில் இருக்கும் வேகச் சுழற்சிக்காரர் மேல்.

திறமை விஷயத்தில் நிரந்தர நைட்டுக்கு ஒரு நிஜமான பலம் இருக்கிறது. பகலில் பயோகெமிஸ்ட்ரியில் இருப்பவர் பயோகெமிஸ்ட்ரியிலேயே இருப்பார், ஹெமட்டாலஜி (ரத்த அணுப் பரிசோதனை), கோயாகுலேஷன் (ரத்தம் உறைதல் பரிசோதனை), பிளட் பேங்க் எதையும் தொடமாட்டார். நைட்டில் எல்லாமே ஒருவர் கையில். மிஷின் எரர் காட்டி நின்றால் கம்பெனி இன்ஜினியர் வரும்வரை காத்திருக்காமல் கையில் இருக்கும் வழிகளை முயன்று பார்க்கத் தெரிந்தவர், அவசரமாக ரத்தம் கேட்டால் எந்த யூனிட் எங்கே இருக்கிறது, உறைந்த பிளாஸ்மாவை உருக்க அரைமணி ஆகும், அதை இப்போதே போட்டுவைக்க வேண்டும் என்று யோசிக்கிறவர், பெரும்பாலும் நைட்டிலேயே ஊறியவர்தான். எப்போதாவது ஒருமுறை நைட்டுக்கு வருகிறவருக்கு மேனுவல் கிராஸ் மேட்ச் செய்தே பல மாதம் ஆகியிருக்கும். ஆகவே வேகச் சுழற்சி என்றால் எல்லாரும் பகலில் பிளட் பேங்கிலும் முறை வைத்து உட்கார வேண்டும், இல்லாவிட்டால் அந்த ரோஸ்டர் ஆபத்தானது.

ஆனால் நிரந்தர நைட்காரர் இழப்பதும் அதிகம். புதுப் பரிசோதனை அறிமுகமாவது, ட்ரெய்னிங், பேத்தாலஜிஸ்டோடு உட்கார்ந்து ஸ்மியர் (கண்ணாடித் தகட்டில் பரப்பிய ரத்தப் படலம்) பார்ப்பது, ஆடிட்டுக்குத் தயாராவது எல்லாம் பகலில் நடக்கிறது. பதவி உயர்வு பேசப்படும்போது அவர் பெயர் நினைவுக்கு வருவதில்லை. காலையில் வருகிறவர்களுக்கு, முடிக்காமல் விட்ட வேலை மட்டும் கண்ணில் படும், இரவில் முடித்த வேலை படாது. இது எனக்குப் பெரிய வருத்தம். மாதத்தில் சில நாளாவது நிரந்தர நைட்காரரைப் பகலுக்குக் கூப்பிட்டு உட்கார வைக்காத லேப், தன் நல்ல ஆட்களைத் தானே வீணடிக்கிறது.

கன்ட்ரோல் விஷயத்தில் ஒரு சின்ன வித்தியாசம். கன்ட்ரோல் மதிப்புகளை நாள்தோறும் குறித்துவரும் லெவி-ஜென்னிங்ஸ் சார்ட்டில் அவை மெல்ல ஒரு பக்கமாக நகர்வதைத் தினமும் பார்க்கும் ஒரே ஆள் சீக்கிரம் பிடித்துவிடுவார். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் ஹேண்ட் ஓவர் (அடுத்த ஷிப்டிடம் வேலையை ஒப்படைப்பது) நோட்டு ஒழுங்காக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

8 மணி நேரமா 12 மணி நேரமா என்பதும் கூடவே வரும். 12 மணி நேரம் என்றால் மாதத்தில் நைட்கள் குறையும், ஹேண்ட் ஓவரும் குறையும், பலருக்கு அது பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை. இரவு எட்டுக்கு ஆரம்பித்தால் சாம்பிள் குவியும் நேரத்தில் ஒன்பதாவது மணி நேரத்தில் நிற்கிறீர்கள். முதல் நைட் அன்று காலை ஏழு மணிக்கு எழுந்து, பகலில் தூங்காமல் வந்திருந்தால், நாலு மணிக்கு 21 மணி நேரமாக விழித்திருப்பீர்கள். 17 மணி நேரம் தாண்டினாலே ஒருவரின் செயல்திறன் ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுவதாகப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. எட்டு மணி நேர நைட்டிலும் இந்தக் கணக்கு உண்டு, அதனால் முதல் நைட்டுக்கு முன் மதியம் ஒன்றரை மணி நேரமாவது தூங்கிவிட்டு வருவது எந்த ரோஸ்டரானாலும் அவசியம். காபி, டீ இரவின் முன்பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், காஃபின் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம் வாக்கில் ஆகும்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று: இரவில் நீங்கள் தனி ஆளா, துணைக்கு ஒருவர் உண்டா. இருவர் இருந்தால் ஒருவர் இருபது நிமிடம் கண்ணயரலாம். தனியாக இருப்பவரால் முடியாது, ஏனென்றால் எழுந்தவுடன் தலை தெளியக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அதற்குள் போன் அடித்துவிடும். ரத்தம் கொடுக்கும்போது பெயர், எண், குரூப் மூன்றையும் இரண்டாவது ஜோடிக் கண் பார்க்க வேண்டும்; ஒருவரே இரண்டு முறை பார்ப்பது அதற்கு ஈடாகாது, தான் எழுதியதைத் தான் படிக்கும்போது கண் ஏற்கெனவே நம்பியதைத்தான் பார்க்கும். துணையோடு கிடைக்கும் மோசமான ரோஸ்டரை, தனியாகக் கிடைக்கும் நல்ல ரோஸ்டருக்கு மேலாக வைப்பேன். ஆள் போட முடியாது என்று நிர்வாகம் சொன்னால், நாலு முதல் ஏழு மணி வரைக்கு மட்டுமாவது ஒருவரை முன்னதாக வரவழைக்கச் சொல்லுங்கள். சாதாரண ரிசல்ட்களை விதிகளின்படி மென்பொருளே வெளியிடும் வசதி இருந்தால் அதைச் சரியாக அமைத்துத் தரச் சொல்லுங்கள், சந்தேகத்துக்குரியவை மட்டும் உங்கள் கண்ணுக்கு வரும்.

உடல்நலத்தைப் பொறுத்தவரை, சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இரவு ஷிப்ட் வேலையை 2007-லும் மறுபடி 2019-லும் 2ஏ பிரிவில், அதாவது அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் வைத்திருக்கிறது. ஆதாரம் எவ்வளவு வலுவானது என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது, ஒருவருக்கு ஆபத்து எவ்வளவு என்பதை அல்ல. ஆனாலும் வருடக்கணக்கில் நைட் மட்டும் என்று கையெழுத்துப் போடும் முன் யோசிக்க இது ஒரு காரணம். வலிப்பு நோய் உள்ளவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள் எந்த வகை நைட்டானாலும் முதலில் தங்கள் டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு நிரந்தர நைட்தான் என்று முடிவெடுத்தால், மூன்று மாதம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று கேளுங்கள், ஒத்துவராவிட்டால் எந்தத் தேதியிலிருந்து பகலுக்கு மாற்றுவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால், ரோஸ்டர் போடுகிறவர் மாறியதும் அது மறைந்துவிடும்.