தள்ளுவதா, ஜம்பர் கேபிளா?

கார் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' மட்டும் கேட்கிறதா? பெரும்பாலும் பேட்டரிதான். தள்ளி ஸ்டார்ட் செய்ய காசு வேண்டாம், இரண்டு ஆள் போதும்: சாவி ஆன், இரண்டாவது கியர், வேகம் வந்ததும் கிளட்சை விடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டிக்கு ஆகாது. தருமபுரித் தெருவில் சரி. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் நினைக்கவே வேண்டாம். இன்ஜின் ஓடாமல் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். அங்கே தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐ அழைப்பதே நல்லது.

என் ஓட்டு ஜம்பர் கேபிளுக்குத்தான்: இன்னொரு வண்டியின் நல்ல பேட்டரியோடு உங்கள் படுத்த பேட்டரியை இணைக்கும் கம்பிகள். முதலில் சிவப்பு: படுத்த பேட்டரியின் பிளஸ், அப்புறம் நல்லதின் பிளஸ். கருப்பு நல்லதின் மைனஸில்; அதன் மறுமுனை படுத்த வண்டியின் இன்ஜின் இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி. உதவிக்கு நிற்பது லாரி என்றால் கேபிளை எடுக்காதீர்கள். கார் 12 வோல்ட், லாரி பெரும்பாலும் 24.